கீழ்க் க்ருஷ்காவை மலையேற்றிய கதை

வரைபடத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தில் இருந்து ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். நான் செய்த நல்ல வேலைகளைப் பற்றி எழுதப்போவதில்லை. நல்ல வரைபடத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்காது. அதைப் பார்த்தவர்கள் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே, ஒரு மலைநாட்டை நான் தலைகீழாகப் புரட்டிவைத்த கதையைச் சொல்கிறேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ரொறன்ரோவுக்கு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் படவரைஞராக இருந்தவன், இங்கே உணவகத்தில் கோப்பை கழுவி, பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கி, நாற்பதாவது வயதில்தான் ஒரு சிறிய வரைபட நிறுவனத்துக்குள் காலெடுத்து வைத்தேன். அந்தக் காலத்தில் காலையில் பத்திரிகையைப் பிரித்தால் ஐரோப்பாவில் ஒரு நாடு இரண்டாகியிருக்கும். பழைய வரைபடங்கள் எல்லாம் ஒரே நாளில் செல்லாக்காசாகிக்கொண்டிருந்தன. எங்கள் நிறுவனத்துக்கு ஆள் போதவில்லை, என்னை எடுத்தார்கள். ஆனால் ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்று முதல்நாளே சொல்லிவிட்டார்கள்.

அங்கே பதிப்பாசிரியராக இருந்தவர் என்னைவிட எட்டு வயது இளைய ஒரு பெண். அவருடைய பெயரை எழுதவில்லை, எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எப்போதும் ஒரு பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பார். பென்சில் எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து அன்றைய நிலைமையை நாங்கள் அறிந்துகொள்வோம்.

எனக்கு நான்காவது மாதம் தொடங்கியபோது ஒரு புது வேலை வந்தது. சேர்பியாவின் கிழக்கெல்லையில், பல்கேரியாவைத் தொட்டுக்கொண்டு ஒரு மலைநாடு இருக்கிறது. ஸ்தாரா பிளானினா என்பது அந்த மலையின் பெயர், பழைய மலை என்று அர்த்தம். அங்கிருந்து வந்து ரொறன்ரோவில் குடியேறிய முதியவர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தங்கள் மண்டபத்துச் சுவருக்கு ஒரு பெரிய வரைபடம் வேண்டும் என்றார்கள். பட்டணங்கள் மட்டும் போதாது, பத்து வீடுகள் இருந்த சிற்றூர்கூட அதில் இருக்கவேண்டும். அந்தச் சிற்றூர்களில் பலவற்றில் இப்போது அடுப்பெரிவதே இரண்டு மூன்று வீட்டில்தான் என்றும், பெயர்களை எழுதிவைக்காவிட்டால் தங்களோடு அவையும் போய்விடும் என்றும் சொன்னார்கள்.

சங்கத்தின் சார்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மிலான், கூரை வேயும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது, கைகள் ஓடு மாதிரி இருக்கும். மற்றவர் ஸ்டானா, தையல்காரி, அவருக்கும் ஏறக்குறைய அதே வயது. மிலான் கீழ்க் க்ருஷ்கா ஊர். ஸ்டானா மேல் க்ருஷ்கா ஊர். இது நான் வைத்த பெயர், உண்மையான பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் வழக்குக்கு வரக்கூடும். க்ருஷ்கா என்றால் அவர்கள் மொழியில் பேரிக்காய். மேல் ஊருக்குக் கோர்ன்யா என்றும் கீழ் ஊருக்கு டோன்யா என்றும் முன்னால் ஒரு சொல் சேர்ப்பார்கள். கோர்ன்யா க்ருஷ்கா, டோன்யா க்ருஷ்கா. இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரே ஓர் ஓடை. மேலூர்க்காரர் ஆடு குளிப்பாட்டிய தண்ணீரைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தாங்கள் குடித்தோம் என்று மிலான் முதல் சந்திப்பிலேயே எங்களுக்குச் சொன்னார். அந்தத் தண்ணீரைக் குடித்ததால்தான் கீழூர்க்காரருக்குக் கொஞ்சமாவது புத்தி வந்தது என்று ஸ்டானா சொன்னார். இருவரும் ஒரே காரில்தான் வந்திருந்தார்கள், ஒரே காரில்தான் திரும்பிப் போனார்கள்.

அந்தப் பெயர்களோடு நான் இரண்டு மாதம் வாழ்ந்தேன். எனக்கு அவை பிடித்துப்போயின. கிராட் என்று முடிந்தால் பட்டணம். புறோட் என்று முடிந்தால் ஆற்றைக் கடக்கும் துறை. எங்கள் பருத்தித்துறையும் காங்கேசன்துறையும் போலத்தான் என்று நினைத்துக்கொண்டேன். எல்லைக்குப் பக்கத்தில் ஒரு பட்டணம் இருக்கிறது. அதன் பழைய பெயர் சாரிபுறோட், அரசன்துறை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாம் உலகப்போருக்கு முன்னர் அது பல்கேரியாவில் இருந்தது. போர் முடிந்ததும் எல்லைக்கோடு நகர்ந்து பட்டணம் இந்தப் பக்கம் வந்துவிட்டது. இரண்டாம் உலகப்போரில் பல்கேரியப் படை வந்தது, பிறகு போனது. அதற்குப் பிறகு ஒரு தலைவரின் பெயரைச் சூட்டி டிமிற்றோவ்கிராட் ஆக்கினார்கள். ஸ்டானா படித்த பள்ளிக்கூடம் அங்கேதான். தன் தகப்பன் ஒரு நாட்டில் பிறந்தார், தான் இன்னொரு நாட்டில் பிறந்தேன், ஆனால் இருவரும் பிறந்தது ஒரே அறையில் என்று அவர் சொன்னபோது நான் குறிப்பெடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கெட்டகாலம் ஒரு வெற்றியோடு தொடங்கியது. டிமிற்றோவ்கிராட் என்ற பெயரில் இரண்டு பட்டணங்கள் உண்டு. ஒன்று சேர்பியாவில், மற்றது பல்கேரியாவுக்குள் நெடுந்தூரம் கிழக்கே. எங்கள் அலுவலகத்துப் பெயர்ப்பட்டியலில் இரண்டும் ஒன்றாகக் கலந்துபோய், ஸ்டானாவின் பள்ளிக்கூடப் பட்டணம் பல்கேரியாவின் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. எனக்கு முன்னால் மூன்று பேர் பார்த்தும் பிடிக்காத பிழை. நான் பிடித்தேன். பதிப்பாசிரியர் பென்சிலை வாயில் இருந்து எடுத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி என்னைப் பாராட்டினார். அன்றிலிருந்து அலுவலகத்தில் சேர்பியா சம்பந்தமாக யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என் மேசைக்கு வந்தார்கள்.

வீட்டில் அதைப் பெருமையாகச் சொன்னேன். மனைவி மரக்கறி வெட்டிக்கொண்டு கேட்டாள். "போன கிழமை ஸ்ரௌவ்வில்லுக்கு வீடு குடிபூரலுக்கெண்டு வெளிக்கிட்டு றிச்மண்ட் ஹில்லிலை போய் நிண்டனீங்கள். உங்களை நம்பி அந்தச் சனம் சேர்பியாவுக்குப் போகப்போகுதோ?"

அப்போதே நான் கொஞ்சம் அடங்கியிருக்கவேண்டும்.

அச்சுக்கு அனுப்பவேண்டிய வெள்ளிக்கிழமை வந்தது. பதிப்பாசிரியர் மத்தியானத்தோடு புறப்பட்டு வடக்கே ஒரு ஏரிக்கரை வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் தொலைபேசி கிடையாது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பும்படி என்னிடம் சொல்லியிருந்தார். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு போகையில் ஒன்று கண்ணில் பட்டது. வரைபடத்தில் டோன்யா க்ருஷ்கா மேலே இருந்தது, கோர்ன்யா க்ருஷ்கா கீழே இருந்தது. கீழூர் வடக்கில், மேலூர் தெற்கில். யாரோ மாற்றிப் போட்டுவிட்டார்கள்.

சங்கத்தார் தந்திருந்த பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான் இருந்தது. மிலான் வடக்கில் இருந்து தெற்காகக் கையால் எழுதித் தந்த பட்டியலைப் பார்த்தேன். அதிலும் அப்படித்தான். அப்படியானால் மிலானும் அந்தப் பழைய வரைபடத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். மேல் கீழ் என்று சோடியாக வரும் ஊர்கள் அந்த வரைபடத்தில் ஐந்து சோடி இருந்தன. ஐந்தையும் சோதித்தேன். மூன்று சோடிகள் தலைகீழாக இருந்தன. ஐந்தில் மூன்று பிழை என்றால் பிழை வரைபடத்தில் அல்ல, பார்க்கிற கண்ணில் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நான் அதை யோசிக்கவில்லை. மூன்று பேர் விட்ட பிழையைப் பிடித்தவன் அல்லவா. மூன்று சோடிகளையும் மாற்றினேன். திருத்தக் குறிப்பேட்டில் எழுதவும் இல்லை. இவ்வளவு வெளிப்படையான விஷயத்துக்கு எதற்குக் குறிப்பு என்று நினைத்தேன்.

வரைபடம் அன்றைக்கே பிறம்ரனில் இருந்த அச்சகத்துக்குப் போனது. சனிக்கிழமை அதைப் பலகையில் ஒட்டி, எங்கள் விநியோக வாகனம் ஓட்டும் ராசன் மண்டபத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தான். ராசன் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பொடியன், என்னை அந்த நிறுவனத்துக்குள் கொண்டுவந்தவனும் அவன்தான். திறப்புவிழா ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் இருந்து குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். அவள் சிறுபுத்தகத்தைப் பார்த்துக் கேட்பாள், நான் பதில் சொல்லவேண்டும். ஒன்ராறியோவுக்குப் பழைய காலத்தில் என்ன பெயர் என்று கேட்டாள். அப்பர் கனடா என்றேன், மேல் கனடா. கியூபெக்குக்கு? லோவர் கனடா, கீழ் கனடா. சரி என்று தலையாட்டிவிட்டு அவள் சுவரில் மாட்டியிருந்த கனடா வரைபடத்தைப் பார்த்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த சந்தோஷத்தில் அலுவலகத்தில் இருந்து கொண்டுவந்து மாட்டியது.

"ஏனப்பா, உதிலை கியூபெக்தானே மேலை கிடக்குது. நாங்கள் கீழையெல்லோ இருக்கிறம். பிறகேன் எங்களை மேல் எண்டு சொன்னவங்கள்?"

படத்தில் மேலே கீழே என்பதைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, ஆற்றைப் பார்த்து வைத்த பெயர் என்று நான் விளக்கத் தொடங்கினேன். ஆறு எங்கள் பக்கத்தில் இருந்து கியூபெக் பக்கம் ஓடுகிறது, ஆறு வருகிற பக்கம் மேல், போகிற பக்கம் கீழ் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் பாதி வசனத்தில் நின்றுவிட்டேன். க்ருஷ்கா ஓடை தெற்கே மலையில் பிறந்து வடக்கே ஓடுகிறது. அதன் நீலக்கோட்டை நானே என் கையால் சரிபார்த்திருந்தேன்.

மலைநாட்டில் மேலூர் என்றால் மலைக்குக் கிட்ட இருக்கிற ஊர். அது தெற்கில் இருக்கலாம், மேற்கில் இருக்கலாம், எங்கேயும் இருக்கலாம். எனக்கு அது தெரியவில்லை, ஏனென்றால் நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் குடாநாட்டில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. ஆனால் தமிழனுக்கு அந்தச் சாட்டும் செல்லாது. நிலம் உயர்ந்த பக்கத்தை மேற்கு என்றும் தாழ்ந்த பக்கத்தைக் கிழக்கு என்றும் பெயர்வைத்தவர்கள் எங்கள் முன்னோர். திசையையே மேட்டையும் பள்ளத்தையும் பார்த்துச் சொல்லும் மொழியில் பிறந்துவிட்டு, மேல் என்றால் கடதாசியின் மேல்நுனி என்று நினைத்தேன்.

என்ன என்று மனைவி கேட்டாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயத்தைத் தந்தது. ஐந்து மாதம் போய், இன்னும் ஒரு மாதம் மிச்சம். திரும்பவும் பிறம்ரனில் பெட்டி அடுக்கும் என்னை நான் கண்ணால் கண்டேன்.

ராசனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அலுவலகக் கதவைத் திறக்கும் திறப்பு அவனிடம்தான் இருந்தது. அவன் முழுவதையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னான். "அண்ணை, அதுகள் எல்லாம் எழுபது எண்பது வயசுச் சனம். கண்ணும் தெரியாது. பேசாமல் விடுங்கோ, ஆரும் கவனியாயினம்."

அந்த யோசனை எனக்கு இனித்தது என்பதை மறைக்கமாட்டேன். அரை நிமிடம் தொலைபேசியைப் பிடித்தபடி அதை மென்றுகொண்டிருந்தேன். பிறகு ஸ்டானா அந்த அறையைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. எல்லைக்கோடு இவர்களைக் கேட்காமல் அங்குமிங்கும் ஓடியது. பட்டணத்தின் பெயரை இவர்களைக் கேட்காமல் மாற்றினார்கள். கடைசியில் இவர்கள் தாமாகக் கேட்டு எழுதிக்கொண்ட ஒரே வரைபடத்திலும் யாரோ ஒரு அரைகுறை அலுவலன் கேட்காமல் கைவைத்துவிட்டான். அந்த அலுவலன் நான்.

"ராசன், நீ வாகனத்தைக் கொண்டு வா," என்றேன்.

அலுவலகத்தில் ஆறு பெயர்களையும், பின்னால் இருக்கும் மலையின் நிறத்தோடு சேர்த்து, மெல்லிய ஒட்டுத்தாளில் அச்சடித்தோம். ஒன்றொன்றும் ஒரு விரல் நீளம். பழைய பெயரின் மேல் ஒட்டினால் கிட்டப்போய்ப் பார்த்தால்தான் தெரியும். ஒரு சிறு இடுக்கியும் எடுத்துக்கொண்டேன். மண்டபத்துக்குப் போய்ச் சேரும்போது இரண்டே முக்கால். விழா தொடங்குமுன் இரகசியமாக மாற்றிவிட்டு வருவதுதான் எங்கள் திட்டம். இப்போது சொல்லும்போதுதான் அது திட்டமே இல்லை என்று தெரிகிறது.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்சுவரில் வரைபடம் ஒரு பெரிய வெள்ளைத் துணியால் மூடப்பட்டிருந்தது. மிலான் கோட் போட்டு, கழுத்துப்பட்டி கட்டி, வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டு நின்றார். ராசன் அவரைப் பிடித்து வாகனம் எங்கே நிறுத்துவது என்று நீளமாக விசாரிக்க, நான் சுவரோரமாகப் போய்த் துணிக்குள் புகுந்துவிட்டேன்.

துணிக்குள் வெளிச்சம் குறைவு, மூச்சு முட்டியது. முதலாவது சோடியை ஒட்டினேன். இரண்டாவதையும் ஒட்டினேன். அப்போது வெளியே கை தட்டினார்கள். யாரோ பேசத் தொடங்கினார்கள், அவர்கள் மொழியில். கோர்ன்யா என்ற சொல்லும் டோன்யா என்ற சொல்லும் அடிக்கடி வந்தன, சனம் சிரித்தது. மிச்சம் இருந்தது க்ருஷ்கா சோடி மட்டும்தான். கோர்ன்யா க்ருஷ்கா என்ற ஒட்டுத்தாளை உரித்தேன். அது இடுக்கியை விட்டு என் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. அதைப் பெருவிரலில் இருந்து எடுத்தேன், சுட்டுவிரலில் ஒட்டியது. அந்த நேரத்தில் துணி விழுந்தது.

நூறு முதியவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் விரலை நீட்டியபடி நின்றேன். விரல்நுனியில் ஒரு ஊர் இருந்தது.

ராசன் கடைசி வரிசையில் நின்று கூரையைப் பார்த்தான், என்னைத் தெரியாதவன் மாதிரி. முன்வரிசையில் இருந்த ஸ்டானா மெதுவாகக் கேட்டார், நான் அங்கே என்ன செய்கிறேன் என்று. பொய் சொல்ல நேரம் இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் உள்ளதைச் சொன்னேன். உங்கள் பட்டியல் சரி. உங்கள் பழைய வரைபடம் சரி. நான்தான் மேலூரையும் கீழூரையும் மாற்றிவிட்டேன். மேல் என்றால் வடக்கு என்று நினைத்தேன். எங்கள் ஊரில் மலை இல்லை, ஆறும் இல்லை.

யாரோ அதை அவர்கள் மொழியில் திருப்பிச் சொன்னார்கள். பின்வரிசை வரைக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்து திரும்பி வருவதை முகங்களில் பார்த்தேன்.

"ஆறே இல்லாத ஊரா?" என்றார் ஸ்டானா. "அப்படியானால் நீங்கள் எதற்காகச் சண்டை பிடிப்பீர்கள்?"

"வேலிக்கு," என்றேன்.

இதுவும் மொழிபெயர்ந்து பின்வரிசைக்குப் போனது. முதலில் ஒரு கிழவர் சிரித்தார், பிறகு மண்டபமே சிரித்தது. நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு சாண் வேலிக்காகத் தமையனும் தம்பியும் முப்பது வருடம் பேசாமல் இருந்ததை நான் அறிவேன். ஊரை விட்டு நான் வந்ததும் அதைவிடப் பெரிய ஒரு வேலிச் சண்டையால்தான். ஆனால் அங்கே அதை விளக்கவேண்டி வரவில்லை. சிரித்தவர்களில் சிலர் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

மிலான் மட்டும் இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்துக்கு முன்னால் குனிந்து நின்றார். அங்கே, ஓடையின் தலைப்பில், மலையுச்சிக்குப் பக்கத்தில், டோன்யா க்ருஷ்கா என்று அழகாக அச்சடித்திருந்தது. கோர்ன்யா க்ருஷ்கா பள்ளத்தில், தண்ணீர் போகிற பக்கம் இருந்தது. அவர் நிமிர்ந்தார்.

"இது சரியாகத்தான் இருக்கிறது," என்று அறிவித்தார். "இதை யாரும் தொடக்கூடாது."

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க எனக்கு மொழி தெரியாது. கீழூர்க்காரர் ஒரு பக்கமும் மேலூர்க்காரர் ஒரு பக்கமும் எழுந்து நின்றார்கள். வேறு ஊர்க்காரர்கள் இருபக்கமும் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். கடைசியில் ஸ்டானா தன் கைப்பையில் இருந்து தையலுக்குப் பாவிக்கும் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். இப்போதே, இவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஒட்டும்படி சொன்னார். நான் ஒட்டினேன். இடது பக்கம் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது என்று சொல்லி ஒருமுறை உரித்து ஒட்டவைத்தார். மேலூர்க்காரர் கை தட்டினார்கள். மிலான் கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு போய், எனக்கும் ராசனுக்கும் இரண்டு தட்டு நிறையச் சாப்பாடு எடுத்துவந்தார். நான் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை என்று சொன்னதும், இப்போதுதான் எல்லாம் விளங்குகிறது என்றார்.

திங்கட்கிழமை பதிப்பாசிரியர் உள்ளே வந்து கோட்டைக் கழற்றுமுன் நான் அவர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் புதுப் பென்சில் ஒன்றை எடுத்துக் கடிக்கத் தொடங்கினார். ஏன் குறிப்பேட்டில் எழுதவில்லை என்று மட்டும் கேட்டார். எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை, அதனால் எழுதவில்லை என்றேன்.

"சந்தேகம் உள்ளவர் எப்படியும் யாரிடமாவது கேட்பார்," என்றார். "குறிப்பேடு வைத்திருப்பதே சந்தேகம் இல்லாதவர்களுக்காகத்தான்."

இந்தக் கதையில் உங்களுக்குப் பயன்படக்கூடியது இந்த ஒரு வசனம்தான். இன்றைக்கு உங்களிடம் வானத்தில் இருந்து எடுத்த செய்மதிப் படம் இருக்கிறது, ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை நொடியில் காட்டும். எனக்கும் அந்த நீலக்கோடு கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது.

அவர் என்னை வேலையில் இருந்து நிறுத்தவில்லை. நிரந்தரமாக்குவதை மேலும் மூன்று மாதம் தள்ளிப்போட்டார். அச்சகத்தில் வரைபடத்தின் சிறிய பிரதிகளையும் அடித்து வைத்திருந்தார்கள். அவை எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப அச்சடிக்கும்படி உத்தரவு போனது.

புதன்கிழமை மத்தியானம் மிலான் அலுவலகத்துக்கு வந்தார், தனியாக. இந்தமுறை ஸ்டானாவைக் காரில் ஏற்றிவரவில்லை. கோட்டைக் கழற்றாமல், வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, பிழையான பிரதி ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். வீட்டில் மாட்டுவதற்கு ஒன்றே ஒன்று போதும். தன் தகப்பனும் பாட்டனும் இதைப் பார்க்காமலேயே செத்துப்போனார்கள் என்றார்.

அது என் கையில் இல்லை என்று சொல்லிப் பதிப்பாசிரியரிடம் அழைத்துப் போனேன். பிழையான வரைபடம் இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். மிலான் வாதாடவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் அசையாமல் இருந்தார். கால் மணித்தியாலம் போனது. பென்சில் பாதியானது. கடைசியில் பதிப்பாசிரியர் எழுந்துபோய் ஒரு பிரதியைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். சிவப்பு மை முத்திரையை எடுத்து, இரண்டு க்ருஷ்காவுக்கும் குறுக்கே பிழை என்று ஓங்கிக் குத்தினார். பிறகு அதை என் பக்கம் தள்ளி, பிழை விட்டவர் கீழே கையெழுத்து வைக்கவேண்டும் என்றார்.

இந்தத் தொழிலில் யாரும் தங்கள் பெயரைப் போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். நான் ஓய்வு பெறும் வரைக்கும் எத்தனையோ நாடுகளை வரைந்து அனுப்பியிருக்கிறேன். என் பெயர் உள்ள வரைபடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதை மிலான் சட்டம் போட்டு வீட்டு விறாந்தையில், உள்ளே வருகிறவர்களின் கண்ணில் முதலில் படும் இடத்தில் மாட்டியிருந்தார். முத்திரை விழுந்த இடத்தைப் பற்றி ஒருநாள் கேட்டேன். அது வெறும் சிவப்பு மை, எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதுதானே என்றார்.